சூலூரிலிருந்து சூரல்மலை வரை: ராணுவ விமானச் சரக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டு மாவட்டத்தின் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து ஊர்களில் வானத்தில் இரைச்சல் கேட்டால், கோவை அருகே உள்ள சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் போகிறது என்று குழந்தைகள்கூடச் சொல்லிவிடும். 2018 கேரள வெள்ளத்துக்கும் 2024 வயநாடு நிலச்சரிவுக்கும் பிறகு, விமானத்தில் சரக்கும் படையும் எப்படிப் போகின்றன என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். நிவாரணப் பொருள் திரட்டும் இளைஞர்கள், படையில் சேர நினைக்கும் மாணவர்கள், படைவீரர் வீட்டுக்காரர்கள் என்று எல்லாரும் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள். அவற்றுக்கான பதில்கள் கீழே.

எந்த விமானம் எவ்வளவு சுமக்கும்?

நம் பக்கம் அதிகம் பறப்பது ஏஎன்-32. சூலூரில் இருக்கும் 33-வது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவின் விமானம் அதுதான். இரண்டு டர்போபிராப் எஞ்சின்கள். அதிகபட்சம் 6.7 டன், அல்லது பாராசூட் வீரர்கள் 39 பேர். உள்ளே உயரம் 1.84 மீட்டர்தான் என்பதால் ஆறடி ஆள் தலை இடிக்காமல் நடக்கச் சிரமப்படுவார். ஆனால் இந்தப் பழைய விமானத்துக்கு ஓர் அருமையான வசதி உண்டு. பின்பக்க ராம்ப்பை, அதாவது சரக்கு ஏற்றும் சாய்தளத்தை, அப்படியே அடிவயிற்றுக்குக் கீழே தள்ளிவிடலாம். லாரியை ரிவர்ஸில் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தி, லாரித் தட்டிலிருந்து நேராக உள்ளே சரக்கை மாற்றலாம். ஃபோர்க்லிஃப்ட் இல்லாத சிறிய ஓடுபாதையில் இது பெரிய உதவி.

சி-130ஜே சூப்பர் ஹெர்குலிஸின் நீட்டப்பட்ட வகைதான் நம்மிடம் உள்ளது. எட்டு பேலட் (சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டு), சுமார் 19 டன். ரஷ்யத் தயாரிப்பான ஐஎல்-76 நாற்பது டன் சுமக்கும். சி-17 குளோப்மாஸ்டர் பதினெட்டு பேலட் ஏற்றும். 40 முதல் 70 டன் வரையிலான சுமையை 4,200 முதல் 9,000 கிலோமீட்டர் வரை ஒரே மூச்சில் கொண்டுபோகும் என்பது விமானப்படையின் கணக்கு. சி-17 விமானங்கள் மொத்தம் பதினொன்று, டெல்லிக்கு அருகே ஹிண்டனில் நிற்கின்றன. பழைய ஆவ்ரோ சரக்கு விமானங்களுக்குப் பதிலாக 56 சி-295 விமானங்களுக்கு ஆர்டர் கொடுக்கப்பட்டு, 2023 செப்டம்பர் முதல் அவை வரத் தொடங்கின. ஹெலிகாப்டர்களில் எம்ஐ-17 வி5 நான்கு டன், சினூக் ஏறத்தாழ பத்து டன்.

எழுபது டன் என்கிறார்கள், வந்து இறங்கும்போது ஏன் அவ்வளவு இருப்பதில்லை?

எரிபொருளும் சரக்கும் ஒரே எடைக் கணக்கைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தூரம் கூடினால் எரிபொருள் கூடும், சரக்கு குறையும். இறங்கும் இடத்தில் எரிபொருள் கிடைக்காது என்றால் திரும்பி வரவும் சேர்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். வெள்ளம் வந்த ஊரில் பெரும்பாலும் அதுதான் நிலை.

இரண்டாவது காரணம் வெப்பமும் உயரமும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எஞ்சினின் தள்ளுவிசை குறையும், இறக்கையின் தூக்குவிசையும் குறையும். பாலக்காட்டு வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் சித்திரை மதியத்தில் கிளம்புகிற விமானம், அதே ஓடுபாதையில் விடிகாலை ஐந்து மணிக்குத் தூக்கும் அளவைத் தூக்காது. சரக்கு விமானங்கள் இருட்டோடு கிளம்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2013 ஆகஸ்ட் 20 அன்று லடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில், 5,065 மீட்டர் உயரத்தில், சி-130ஜே இறங்கியது. அங்கே சரக்கின் அளவை விமானத்தின் கொள்ளளவு தீர்மானிப்பதில்லை. மெல்லிய காற்றுதான் தீர்மானிக்கிறது.

மூன்றாவது, இடம். கம்பளியும் பிரெட்டும் ஏற்றினால் எடை எட்டுவதற்கு வெகு முன்பே கூரை தட்டிவிடும்.

பேலட் என்பது சாதாரண மரப்பலகையா?

இல்லை. ராணுவ விமானங்களில் புழங்கும் 463எல் பேலட் 274 சென்டிமீட்டர் நீளம், 224 அகலம், ஆறு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான தடிமன். நடுவில் லேசான பால்சா மரம், மேலும் கீழும் அலுமினியத் தகடு. வெறும் பேலட் 131 கிலோ. இரண்டு பக்கவலை, ஒரு மேல்வலை சேர்த்தால் 160 கிலோவுக்கு மேல். சுமை வரம்பு சுமார் 4,500 கிலோ. ஓரம் முழுக்க டி வடிவ வளையங்கள் 22 இருக்கும், ஒவ்வொன்றும் 3,400 கிலோ இழுவையைத் தாங்கும்.

மழைக்காலத்தில் இதில்தான் கோளாறு வரும். ஃபோர்க்லிஃப்ட்டின் முள் பட்டு அலுமினியத் தோலில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல் இருந்தால் போதும். நனைந்த தரையில் இரண்டு நாள் கிடந்தால் பால்சா தண்ணீரை உறிஞ்சிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எடை மட்டும் கூடியிருக்கும், தோல் உப்பிக்கொண்டு மரத்தை விட்டுப் பிரியும். உருளைகள் மேல் ஓடும்போது அந்த உப்பல் சிக்கி, பேலட் பாதி வழியில் நின்றுவிடும். அதனால் பேலட்டைத் தரையில் போடக் கூடாது. மூன்று வரிசை மரக்கட்டைகள் மேல் வைக்க வேண்டும். இரண்டு வரிசை போதாது, நடு வளைந்துவிடும். முள் நுழைவதற்கும் அந்தக் கட்டை உயரம் வேண்டும்.

அரிசி மூட்டை, தண்ணீர், துணி எல்லாம் எப்படி அடுக்குவது?

50 கிலோ அரிசி மூட்டை தொண்ணூறு போட்டால் 4,500 கிலோ. அதை பேலட் முழுவதும் பரப்பினால் இடுப்புயரம்தான் வரும். அதற்கு மேல் எடை ஏற்ற முடியாது, இடம் மட்டும் பாதிக்கு மேல் காலி. துணி மட்டும் அடுக்கினால் நேர்மாறாக எட்டடி உயரம் நிரம்பியும் எடை ஒன்றிரண்டு டன்னைத் தாண்டாது. கனமானதைக் கீழே பரப்பி, லேசானதை மேலே வைத்தால் இரண்டு வரம்பும் ஏறத்தாழ ஒன்றாக முடியும். நிவாரண முகாமில் பொருள் பிரிக்கும்போதே இதை மனதில் வைத்தால், விமானத்தடியில் மூன்று மணி நேரம் மிச்சம்.

செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி அடுக்குங்கள். நான்கு ஓரத்திலும் இரண்டு அங்குலம் விட்டு உள்ளே அடுக்குங்கள், இல்லாவிட்டால் வலையின் கொக்கி வளையத்தில் மாட்டாது. அடியில் ஒரு பாலித்தீன் விரிப்பு, மேலே ஒரு உறை. சின்னப் பெட்டிகள் வலைக்கண் வழியே நழுவும் என்பதால் அவற்றை நடுவில் வையுங்கள்.

எடையை ஏற்றுமுன் மறுபடி போட வேண்டும். காலையில் லாரியில் ஏற்றும்போது போட்ட எடை, வாளையாறு தாண்டி மழையில் வந்த பிறகு அதே எடையாக இருக்காது. நனைந்த சாக்கும் கம்பளியும் எவ்வளவு குடிக்கும் என்பதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. தோராயமாக எழுதிய எடைச்சீட்டு, விமானியைப் பொறுத்தவரை பொய்ச்சீட்டு.

ஒரு ஜீப்பைக் கட்ட எத்தனை செயின் வேண்டும்?

பலரும் ஆளுக்கு ஒரு எண்ணிக்கை சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். அமெரிக்க ராணுவ விமானங்களுக்கான விதிப்படி, சரக்கு தன் எடையைப்போல் மூன்று மடங்கு விசையோடு முன்னால் பாய முயன்றாலும் நகரக் கூடாது. பின்னாலும் பக்கவாட்டிலும் ஒன்றரை மடங்கு, மேல்நோக்கி இரண்டு மடங்கு.

வண்டி 4,000 கிலோ என்று வையுங்கள். முன்னோக்கிய தேவை 12,000 கிலோ. ஒரு செயின் 4,500 கிலோ தாங்கும். ஆனால் அது சாய்வாக இழுப்பதால் முழு பலமும் ஒரே திசையில் கிடைக்காது. தரையோடு முப்பது டிகிரி, விமானத்தின் நீளவாட்டுக் கோட்டோடு முப்பது டிகிரி வைத்துக் கட்டினால் நீளவாட்டில் 75 சதவீதம், அதாவது 3,375 கிலோ கிடைக்கும். 12,000-ஐ வகுத்தால் மூன்றரைச் சொச்சம், ஆகவே நான்கு செயின். பின்னோக்கி 6,000 கிலோ தேவை, அதற்கு இரண்டு. மொத்தம் ஆறு.

இங்கேதான் புதியவர்கள் நிறுத்திவிடுவார்கள். பக்கவாட்டையும் பாருங்கள். அதே கோணத்தில் பக்கவாட்டுக்குக் கிடைப்பது 43 சதவீதம்தான், செயினுக்கு ஏறத்தாழ 1,950 கிலோ. இடப்பக்கம் மூன்று செயின் இழுத்தால் 5,850. தேவை 6,000. கொஞ்சம்தான் குறைகிறது, ஆனாலும் குறைகிறது. இன்னொரு ஜோடி போட வேண்டும், மொத்தம் எட்டு. மேல்நோக்கித் தேவை 8,000 கிலோ. அது ஆறிலேயே தாராளமாகக் கிடைத்துவிடும்.

செயினை எதில் மாட்டுகிறோம் என்பது அடுத்த சங்கதி. ஆக்ஸில், சேஸிஸ், தயாரிப்பாளர் வைத்த கொக்கி, இவற்றில் மட்டும். பம்பரில் மாட்டினால் பம்பர் மட்டும் விமானத்தில் மிஞ்சும். ஒரே சரக்கின் ஒரே பக்கத்தில் செயினையும் நைலான் பட்டையையும் கலக்கவே கூடாது. பட்டை நீளும், செயின் நீளாது. சுமை முழுவதும் செயினில் விழுந்து அது அறுந்த பிறகுதான் பட்டையின் முறை வரும். மேலே ஏறிய பத்து நிமிடத்தில் சரக்குக்குப் பொறுப்பான லோட்மாஸ்டர் மறுபடி போய், செயினை இறுக்கும் ஒவ்வொரு டென்ஷனரையும் தட்டிப் பார்ப்பார். டயர் அமுங்கியிருக்கும், அதிர்வில் இறுக்கம் விட்டிருக்கும்.

சரக்கு நகர்ந்தால் என்ன ஆகும்?

2013 ஏப்ரல் 29, ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளம். கனமான கவச வண்டிகள் ஐந்தை ஏற்றிய போயிங் 747 சரக்கு விமானம் கிளம்பிய சில நொடிகளில் மூக்கைத் தூக்கி, தூக்குவிசை இழந்து, விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். ஒரு வண்டியாவது பின்னால் உருண்டு ஹைட்ராலிக் குழாய்களையும் வாலின் கிடைத்தகட்டை அசைக்கும் திருகுத் தண்டையும் சிதைத்தது என்று விசாரணை கண்டது. கட்டிய பட்டைகள் போதவில்லை, கட்டும் முறையே தப்பாக வகுக்கப்பட்டிருந்தது. எடை பின்னால் போனதால் மட்டும் விழுந்தது என்று பலர் நினைக்கிறார்கள். விமானி சரிசெய்ய முடியாதபடி கட்டுப்பாட்டுப் பாகமே உடைந்ததுதான் அங்கே உயிரைக் குடித்தது.

எடை மையம் எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் தராசு பார்த்தவர்களுக்குப் புரியும் கணக்குதான். வண்டியின் முன் ஆக்ஸிலில் 1,800 கிலோ, அது முன் பம்பரிலிருந்து ஒரு மீட்டர். பின் ஆக்ஸிலில் 2,200 கிலோ, அது மூன்றரை மீட்டர். எடையைத் தூரத்தால் பெருக்குங்கள்: 1,800, 7,700. கூட்டினால் 9,500. மொத்த எடை 4,000-ஆல் வகுத்தால் 2.375 மீட்டர். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, எடையையும் எழுதிவிடுங்கள். வண்டிக்குள் பொருள் ஏற்றி முடித்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். கோடு போட்ட பிறகு டிக்கியில் நான்கு ஜெரிகேனை வைத்தால் கோட்டுக்கு அர்த்தமில்லை.

தரை தாங்குமா என்று எப்படித் தெரியும்?

மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும், ஜெனரேட்டரின் நான்கு சின்ன இரும்புக் கால்கள் தரையைக் குத்திவிடும். காலுக்கு அடியில் பலகை வைத்தால் எடை 45 டிகிரியில் விரிந்து இறங்குவதாகக் கணக்கு. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் காலுக்கு ஐந்து சென்டிமீட்டர் பலகை வைத்தால், ஒவ்வொரு பக்கமும் ஐந்து கூடி இருபதுக்கு இருபது ஆகும். பரப்பு நான்கு மடங்கு, அழுத்தம் கால்பங்கு. பலகை குறைந்தது அந்த அகலமாவது இருக்க வேண்டும். சின்னத் துண்டுப்பலகை வைத்து ஏமாறக் கூடாது.

எவற்றை ஏற்றக் கூடாது?

ராணுவ விமானத்தில் வெடிபொருளே போகிறது, நம் பொருளுக்கு என்ன என்று கேட்பார்கள். வெடிபொருளைப் பெயரோடு அறிவித்து, வகை பிரித்து, பயிற்சி பெற்றவர் ஏற்றுகிறார். அறிவிக்காமல் உள்ளே வந்த தீப்பெட்டிக் கட்டுதான் ஆபத்து.

வெள்ள நிவாரணத்தில் அதிகம் வருவது பிளீச்சிங் பவுடர். அது ஆக்ஸிஜனைக் கக்கும் வகை. டீசல், எண்ணெய், பினாயில் கசிந்து அதில் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். ஈரம் பட்டால் குளோரின் வாடை கிளம்பும், மூடிய விமானத்தில் அது தாங்க முடியாதது. உலர்ந்த, மூடிய டிரம்மில், எரிபொருளிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். அரிசியோடு ஒரே பேலட்டில் போடவே கூடாது.

ஜெனரேட்டரில் எரிபொருளை வடித்துவிடுங்கள். வண்டிகளில் தொட்டி பாதிக்கு மேல் இருக்கக் கூடாது, மேலே போனால் அழுத்தம் குறைந்து மூடி வழியே கசியும். ஆசிட் பேட்டரி நிமிர்ந்தபடி, டெர்மினல்கள் மூடியபடி இருக்க வேண்டும். பாதரச வெப்பமானி உடைந்தால் அலுமினியத்தை அரித்துவிடும், அதனால் டிஜிட்டல் மட்டும் அனுப்புங்கள். சமையல் கேஸ் சிலிண்டர் வேண்டாம்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்ஸிஜன் டேங்கர்களை விமானப்படை சுமந்ததை எல்லாரும் பார்த்தோம். கடுங்குளிரில் திரவ ஆக்ஸிஜனை வைத்திருக்கும் பெரிய கிரையோஜெனிக் டேங்கர்கள் உள்நாட்டில் காலியாகத்தான் பறந்தன. நிரப்பிய பிறகு ரயிலிலும் சாலையிலும் திரும்பின. திரவ ஆக்ஸிஜன் ஓயாமல் ஆவியாகி வெளியேறும். விமானத்துக்குள் அது சேர்ந்தால் ஒரு பொறி போதும். காலி டேங்கரைப் பறக்கவிட்டதிலேயே போகும் வழி நேரம் முழுவதும் மிச்சமானது.

ஒரு நாளில் எத்தனை விமானம் இறக்க முடியும்?

விமானம் எத்தனை இருக்கிறது என்பதைவிட, நிறுத்த எத்தனை இடம் இருக்கிறது என்பதே முக்கியம். இரண்டு விமானம் நிற்க இடம், ஒவ்வொன்றும் இறக்கிவிட்டுக் கிளம்ப இரண்டு மணி நேரம், பகல் பன்னிரண்டு மணி நேரம். கணக்குப்படி பன்னிரண்டு விமானம். நேரம் தவறி வருவதால் 85 சதவீதம்தான் கைக்கு வரும் என்பது திட்டமிடுபவர்களின் வழக்கம், ஆகவே பத்து. விமானத்துக்கு இருபது டன் என்றால் நாளுக்கு 200 டன்.

இனி அங்கிருந்து பாருங்கள். பத்து டன் லாரி இருபது வேண்டும், அத்தனையும் மலைப்பாதையில் ஏற வேண்டும். வயநாட்டுக்கு ஏறும் தாமரசேரி சுரத்தில் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய் இறக்கித் திரும்ப இரண்டு நாள் ஆகும் என்றால், லாரி நாற்பது தேவை. லாரி பதினைந்துதான் இருக்கிறது என்றால், ஓடுபாதையோரத்தில் சரக்கு மலைபோல் குவிந்து, மூன்றாம் நாள் அந்தக் குவியலே விமானம் நிற்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும். விமானத்தைக் கூட்டிக் கேட்பதற்கு முன், லாரியையும் டிரைவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

ஓடுபாதையே இல்லாமல் போவதும் உண்டு. 2018-இல் பெரியாற்று வெள்ளம் கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்துக்குள் புகுந்து, ஆகஸ்ட் 15 முதல் 29 வரை அது மூடிக் கிடந்தது. கொச்சிக் கடற்படைத் தளமான ஐஎன்எஸ் கருடாவின் ஓடுபாதையை ஆகஸ்ட் 20 முதல் பயணிகள் விமானத்துக்கும் திறந்துவிட்டார்கள். ஆற்றோர நிலையம் ஒன்றை மட்டும் நம்பித் திட்டம் போடக் கூடாது என்று அந்த இரண்டு வாரம் காட்டியது.

வயநாட்டுக்குப் பாலம் விமானத்தில் வந்தது உண்மையா?

உண்மை. 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் மலை சரிந்து, ஆற்றுப்பாலம் அடித்துக்கொண்டு போனது. கனரக இயந்திரங்கள் அக்கரைக்குப் போக முடியவில்லை. பாகம் பாகமாகப் பூட்டிக் கட்டும் பெய்லி பாலத்தின் பாகங்களில் ஒரு பகுதி டெல்லியிலிருந்து சி-17-இல் கண்ணூருக்கு வந்தது. அந்த ஓடுபாதை 3,050 மீட்டர். பாலம், மோப்ப நாய்கள், மருந்து எல்லாம் சேர்த்து சி-17 கொண்டுவந்தது 53 டன். ஏஎன்-32, சி-130 விமானங்களும் ஆட்களையும் பொருட்களையும் கொண்டுவந்தன. கண்ணூரிலிருந்து லாரியில் மலையேற்றினார்கள். பெங்களூருவின் மதராஸ் பொறியாளர் படையினர் 190 அடி நீளப் பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் கட்டி முடித்தார்கள். 24 டன் தாங்கும் பாலம் அது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டொனால்ட் பெய்லி வடிவமைத்த இந்தப் பாலம் விமானத்துக்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது. ஒரு பேனல் பத்தடி நீளம், ஐந்தடி உயரம், சுமார் 260 கிலோ. ஆறு பேர் தோளில் தூக்கலாம், கிரேன் வேண்டாம், எந்த லாரியிலும் ஏறும். ஆனால் ஏற்றும் வரிசை பிசகினால் எல்லாம் கெட்டுவிடும். முதலில் தேவைப்படும் உருளைகளும் அடித்தகடுகளும் கடைசி லாரியின் அடியில் போய்விட்டால், பேனல்கள் முன்னால் கிடந்தும் வேலை தொடங்காது. கடைசியில் ஏறுவதுதான் முதலில் இறங்கும். அதனால் கட்டுபவர்தான் ஏற்றும் பட்டியலை எழுத வேண்டும்.

ஊரில் ஹெலிகாப்டர் இறங்க என்ன செய்து வைக்க வேண்டும்?

எம்ஐ-17-இன் சுழலியின் விட்டம் 21 மீட்டருக்கு மேல். 50 மீட்டருக்கு 50 மீட்டர் திறந்த இடம் இருந்தால் நிம்மதி. பள்ளி மைதானம் நல்லது, ஆனால் அதன் ஓரத்தில் போகும் மின்கம்பி விமானிக்குத் தெரியாது. கம்பத்தைப் பார்த்துத்தான் கம்பியை ஊகிப்பார்கள். அதனால் கம்பத்தில் சிவப்புத் துணி கட்டுங்கள், தொடர்பில் இருப்பவரிடம் எந்தத் திசையில் கம்பி என்று சொல்லுங்கள். தார்ப்பாய், தகரம், பிளாஸ்டிக் நாற்காலி, பிளக்ஸ் பேனர் எல்லாவற்றையும் அகற்றுங்கள். இறக்கைக் காற்று ஒரு தகரத்தைத் தூக்கி எறிந்தால் அது கத்தி. புழுதி என்றால் தண்ணீர் தெளியுங்கள். காற்றுத் திசை காட்ட ஒரு லுங்கியைக் கொம்பில் கட்டினாலும் போதும், மைதானத்துக்கு வெளியே, உறுதியாக.

மேட்டுப் பக்கத்திலிருந்து யாரும் ஹெலிகாப்டரை நோக்கி வரக் கூடாது. சரிவில் சுழலியின் நுனி தலை உயரத்துக்கு வந்துவிடும். தேயிலைத் தோட்டச் சரிவுகளில் மக்கள் மேலிருந்துதான் ஓடி வருகிறார்கள். கயிறு கட்டி நான்கு பேர் நிற்க வேண்டியது அந்தப் பக்கம்தான்.

அடியில் தொங்கவிட்டுக் கொண்டுபோவது எப்போது?

இறங்க இடமில்லாதபோது, அல்லது பொருள் உள்ளே நுழையாதபோது. நாலு கயிறுதானே, ஆளுக்குக் கால்பங்கு என்று நினைப்பது தவறு. 2,000 கிலோ சுமையில் கயிறு தரையோடு 60 டிகிரி நின்றால் ஒவ்வொன்றிலும் இழுவை ஏறத்தாழ 580 கிலோ. 30 டிகிரிக்குப் படுத்தால் 1,000 கிலோ. சமமாகவும் பங்கிடாது, இரண்டு கயிறே முழுச் சுமையையும் தாங்கும் என்று வைத்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். காலியான தண்ணீர்த் தொட்டி போன்ற லேசான, அகலமான பொருள்தான் பெரிய வில்லங்கம். காற்றில் ஆடி ஆடி மேலே எழும்பும். ஆட்டம் அடங்காவிட்டால் விமானி கொக்கியைத் திறந்து கீழே விட்டுவிடுவார், அது அவருடைய கடமை. ஆகவே அந்தப் பாதையின் கீழே யாரும் நிற்கக் கூடாது. தொங்கி வரும் கொக்கியை வெறுங்கையால் தொடாதீர்கள். சுழலி உண்டாக்கும் நிலைமின்சாரம் ஆளைத் தூக்கிப் போடும். தரையில் இணைத்த கம்பியால் முதலில் தொட்ட பிறகே கை வைப்பார்கள்.

பாராசூட்டில் போடும் பொருள் உடையாதா?

மூன்று விதம் உண்டு. பெரிய பாராசூட்டில் மெதுவாக இறக்கினால் நொடிக்கு எட்டரை மீட்டர் அளவில் தரை தொடும். சின்ன பாராசூட்டில் வேகமாகப் போட்டால் நொடிக்கு இருபது மீட்டருக்கு மேல். காற்று அதிகம் தள்ளாது, குறி தப்பாது, ஆனால் உடையாத பொருளுக்கே ஆகும். பாராசூட் இல்லாமல் கொட்டுவது மூன்றாவது. அரிசியை அப்படிப் போடும்போது சாக்குக்கு வெளியே பெரிய சாக்கு ஒன்றைத் தளர்வாகப் போடுவார்கள். உள்சாக்கு வெடித்தாலும் வெளிச்சாக்கு பிடித்துக்கொள்ளும்.

மெதுவாக இறங்கும் பெட்டிக்கும் அடியில் தேன்கூடு போன்ற அட்டை அடுக்கு வேண்டும். அது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஈரமான அட்டை முன்பே நசுங்கிய அட்டைக்குச் சமம்.

இந்திய ராணுவத்தில் இப்படிப் பொருளைக் கட்டிப் போடுவது ராணுவ சேவைப் படையின் வேலை. சியாச்சினுக்கு ஆண்டு முழுவதும் உணவும் மண்ணெண்ணெயும் போவது அவர்கள் கட்டும் கட்டில்தான். உயரம் கூடினால் குறி தப்பும் என்பதற்கு 1954-இல் வியட்நாமில் பிரெஞ்சுப் படை முற்றுகையில் சிக்கிய தியன் பியன் பூ கசப்பான சாட்சி. விமான எதிர்ப்புப் பீரங்கிக்கு அஞ்சி பிரெஞ்சு விமானங்கள் மேலே ஏற ஏற, போட்ட பொருளில் கணிசமான பங்கு எதிரி கையில் விழுந்தது.

வீரர்கள் குதிக்கும் இடம் எவ்வளவு நீளம் வேண்டும்?

விமானம் 130 நாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 67 மீட்டர் போகிறது. இரண்டு கதவு, கதவுக்கு இருபது பேர், நொடிக்கு ஒருவர். இருபது நொடியில் 1,340 மீட்டர் கடந்திருக்கும். அதுதான் குறைந்தபட்ச நீளம், முன்னும் பின்னும் பாதுகாப்பு தனி. 240 மீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு ஆறு மீட்டர் இறங்கினால் நாற்பது நொடி. பத்து நாட் காற்று அதற்குள் 200 மீட்டர் தள்ளிவிடும். பயிற்சியில் 13 நாட்டுக்கு மேல் காற்றிருந்தால் குதிப்பு நிறுத்தப்படுவது பல படைகளில் வழக்கம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் நின்றவருக்கு அந்த வரம்பின் அருமை தெரியும்.

1971 டிசம்பர் 11 அன்று, இன்றைய வங்கதேசத்தின் தங்கைலில், இந்தியாவின் 2 பாரா பட்டாலியன் குதித்துப் பூங்லி பாலத்தைப் பிடித்தது. பாராசூட் படையிடம் கனரக ஆயுதம் குறைவு, தோளில் உள்ளது தீர்ந்தால் அவ்வளவுதான். அதனால் தரைவழிப் படை எப்போது வந்து சேரும் என்பதைக் கணக்கிட்ட பிறகே குதிக்கும் நாளைக் குறிக்கிறார்கள். தங்கைலில் மராட்டா படையினர் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

ஒரு கம்பெனியை எப்படிப் பிரித்து ஏற்றுவார்கள்?

ஒரு விமானத்தில் போகும் குழுவுக்கு சாக் என்று பெயர், எண் கொடுத்து அழைப்பார்கள். தளபதியும் துணைத் தளபதியும் ஒரே சாக் குழுவில் போகக் கூடாது. எல்லா ரேடியோவும், எல்லா மருத்துவர்களும் ஒரே விமானத்தில் இருக்கக் கூடாது. துப்பாக்கி ஒரு விமானத்திலும் தோட்டா இன்னொன்றிலும் போகக் கூடாது. ஒரு விமானம் வராமல் போனாலும் மிச்சம் இறங்கியவர்கள் வேலையைத் தொடங்க முடிய வேண்டும். இதே விதி பேரிடர் மீட்புக் குழுவுக்கும் பொருந்தும். கட்டர் ஒரு விமானத்தில், பிளேடு அடுத்ததில் என்றால் முதல் குழு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

நாங்கள் நேராக சூலூருக்குப் பொருளைக் கொண்டுபோகலாமா? செலவு யாருடையது?

நேராகப் போகக் கூடாது, வாசலிலேயே நின்றுவிடும். மாவட்ட ஆட்சியர் வழியாக மாநில அரசு கேட்க வேண்டும், அதன் பிறகே விமானப்படைக்கு உத்தரவு போகும். தெற்கு விமானப்படைக் கட்டளையகம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. நீங்கள் ஆட்சியர் அலுவலகத்தில் பட்டியல் கொடுத்து, அவர்கள் சொல்லும் கிடங்கில் சேர்த்தால் போதும். எல்லை தாண்டும் பொருள் என்றால் எந்த மாவட்டம் கேட்டது என்று காகிதத்தில் இருக்கட்டும்.

செலவு மாநில அரசின் கணக்கில் எழுதப்படுகிறது. 2006 முதல் வயநாடு வரையிலான விமானச் சேவைகளுக்கு 132.62 கோடி ரூபாய் கட்டும்படி மத்திய அரசு கேரளத்தைக் கேட்டது 2024 டிசம்பரில் வெளியே வந்து, பெரும் வாக்குவாதமானது. துயரத்தில் இருக்கும் மாநிலத்திடம் விமானக் கட்டணம் கேட்பது நியாயமில்லை என்பதே எங்கள் கருத்தும்.

பெட்டியின் மேல் என்ன எழுத வேண்டும்?

உள்ளே இருக்கும் பொருள், எண்ணிக்கை, எடை, சேர வேண்டிய இடம். பக்கத்துக்கொன்றாக இரண்டு பக்கம் எழுதுங்கள், மேலே எழுதினால் அடுத்த பெட்டி மறைத்துவிடும். தமிழோடு மலையாளத்திலும் எழுதுங்கள். வயநாட்டு மேப்பாடியில் அதை இறக்கப்போகிறவர் மலையாளம் படிப்பவர். மருந்துப் பெட்டிக்குக் காலாவதித் தேதி வேண்டும். மழையில் அழியாத மார்க்கர் வாங்குங்கள். அப்படியும் அழியலாம் என்பதால், அதே விவரத்தை ஒரு தாளில் எழுதிப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பெட்டிக்குள்ளேயும் ஒன்று வைத்துவிடுங்கள்.